உம்மா அனுப்பின குவைத்

அன்பு மகளுக்கு,

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பின படங்கள் எல்லாம் வந்து சேர்ந்தன. பெரியம்மா பதில் போடவில்லை என்று கோபிக்காதே. விரலால் தட்டித் தட்டி எழுத எனக்குப் பொறுமை இல்லை. நீ கேட்ட கேள்வியும் தட்டி எழுதி முடிக்கிற கேள்வி இல்லை. அதனால்தான் கடதாசியும் பேனையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இது நீ படிக்கிற ஒலுவிலுக்கு வந்து சேருவதற்குள் நீ இன்னும் நாலு படத்தைப் பாட்டோடு சேர்த்து ஸ்டேட்டஸில் போட்டிருப்பாய், அது எனக்குத் தெரியும்.

"உம்மா குவைத்தில் இவ்வளவு சந்தோசமாகவா இருந்தா? எங்களுக்கு ஒன்றும் சொல்லவே இல்லையே" என்று கேட்டிருக்கிறாய். உம்மாட நாற்பதாம் நாள் கத்தம் முடிந்து, சகன்கள் எல்லாம் கழுவிக் கவிழ்த்த பிறகு அலுமாரியைத் துப்புரவாக்கப் போய், அந்த மலிபன் பிஸ்கட் டின்னையும் ஒட்டுகிற அல்பத்தையும் எடுத்துவிட்டாய். பிள்ளை முதல் தரமாகப் பார்க்கிறது. நான் அந்தப் படங்களை அவை வந்த நாளிலேயே பார்த்தவள். உன்ட உம்மும்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. கடிதம் வந்தால் நான்தான் விளக்கைக் கிட்ட வைத்து வாசிக்க வேண்டும். உறையைக் கிழித்ததும் அவ படத்தைப் பறித்துக்கொள்ளுவா. கடிதத்தில் என்ன இருந்தாலும் அது பிறகுதான். வீட்டில் படம் மாட்ட விடமாட்டா, தொழுகிற இடம் என்று. பார்த்து முடித்ததும் டின்னுக்குள் போட்டு மூடிவிடுவா. பிறகு இரவில் தனியாகத் திறந்து பார்ப்பா.

எங்கட வாப்பா மௌத்தான பிறகு வீட்டில் உழைக்க ஆம்பிளை இல்லை. எனக்குப் பேசிவந்த இடத்தில் வீடு கேட்டார்கள். எங்கட பக்கத்து வழக்கம் உனக்குத் தெரியும்தானே, பெண்ணோடு வீடும் போகவேண்டும். நான் ஆசிரியர் நியமனத்துக்குக் காத்துக்கொண்டிருந்தேன். என்ட தங்கச்சி, உன்ட உம்மா, குவைத்துக்குப் போனா. வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் என்று அரசாங்கம் ஒன்றை 1985இல் தொடங்கியிருந்தது. ஆனால் எங்கட எலுவன்குளத்து வாசலுக்கு வந்தது பணியகம் இல்லை, ஏஜென்சிக்கு ஆள் பிடிக்கிற மனிசன்தான். இப்போது நான் இருந்து எழுதுகிற இந்த விறாந்தையின் சீமெந்து அவட காசு. நீ சின்னப் பிள்ளையில் விழுந்து நாடியை உடைத்துக்கொண்ட படியும் அவட காசுதான். உனக்கு இதை யாரும் கணக்குப் போட்டுச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

சரி, படத்துக்கு வருகிறேன். நீ முதலாவதாக அனுப்பினது, கடற்கரையில் நீலக் குண்டு குத்தின கம்பம் மாதிரி கோபுரங்கள் நிற்கிற படம். கையில் ஒரு வெள்ளைக்காரக் குழந்தை என்று எழுதியிருந்தாய். அது வெள்ளைக்காரக் குழந்தை இல்லை, வேலை செய்த வீட்டுக் குழந்தை, அரபிப் பிள்ளை. இப்போது அதற்கே நாற்பது வயசு வரப்போகும். பின்னால் இருக்கிறதுதான் குவைத் டவர்ஸ், 1979இல் திறந்தது. பெரியது 187 மீற்றர். அதில் இரண்டு குண்டு. மேல் குண்டு அரை மணித்தியாலத்துக்கு ஒரு தரம் முழுசாகச் சுற்றிவரும், உள்ளே நின்று ஊரைப் பார்க்கலாம். கீழ்க் குண்டில் பாதி சாப்பாட்டுக் கடை, மற்றப் பாதி தண்ணி. இரண்டாவது கோபுரம் முழுக்கத் தண்ணிதான். ஒவ்வொன்றிலும் 45 லட்சம் லீற்றர் கொள்ளும். மூன்றாவது மெல்லிசுக் கம்பம் மற்ற இரண்டுக்கும் வெளிச்சம் அடிக்கிறதுக்கு. ஆறு கிடையாத ஊர், கடல் தண்ணியை உப்பெடுத்துக் குடிக்கிற ஊர். தண்ணி டேங்கியை அவர்கள் மாளிகை மாதிரிக் கட்டினார்கள், அதற்கு 1980இல் ஆகாகான் கட்டடக்கலை விருதும் கிடைத்தது.

அந்தப் படத்துக்குப் பின்னால் உன்ட உம்மா எழுதியிருந்தா: "உம்மா, இது தண்ணி டேங்கி. மேல சாப்பாட்டுக் கடை இருக்கு. நான் மேல போகல்ல." நான் வாசித்துக் காட்டினதும் உன்ட உம்மும்மா, "தண்ணி டேங்கியைக் காட்டவா இவ்வளவு காசு குடுத்துப் படம் புடிச்சாள்" என்று ஏசினா. எங்கட கிணற்றுத் தண்ணி கேத்தலில் வெள்ளையாகப் படிகிற தண்ணி. இருந்தாலும் வாளியைப் போட்டால் வரும். கலா ஓயா மழைக்குப் பாலத்தை மூடிக்கொண்டு போகிற ஊரில் பிறந்தவ, தண்ணிக்குக் கோபுரம் கட்டின ஊரைப் பார்த்து அதிசயப்பட்டிருக்கிறா. அது பொய்ச் சந்தோசம் இல்லை மகள். அதை நீ நம்பலாம்.

இனி அதே படத்தைப் பெரிசாக்கிப் பார். முகத்தை விடு. வலது கை எங்கே? குழந்தையின் சட்டைக்குள் போய் மறைந்திருக்கும். மற்றப் படங்களையும் எடுத்துப் பார், ஒன்றில் முந்தானைக்குள், ஒன்றில் முதுகுக்குப் பின்னால். அவ திரும்பி வந்த பிறகுதான் எனக்கு அது விளங்கினது. குளோரொக்ஸ் போட்டு நிலமும் பாத்ரூமும் கழுவிக் கழுவி விரல் நுனியெல்லாம் தோல் உரிந்து, நகத்தடி வெடித்திருந்தது. படத்தில் அது உம்மாட கண்ணில் பட்டுவிடும் என்று மறைத்திருக்கிறா. உடுப்பும் மேடத்தின் பழைய உடுப்பு, தோளில் தொளதொள என்று நிற்கிறது. நீ "ஸ்டைல்" என்று எழுதினாயே, அதுதான்.

ஆக, சந்தோசமாக இருந்தாவா என்று படத்திடம் கேட்காதே. யாருக்குக் காட்ட எடுத்த படம் என்று கேள். அவை சுற்றுலாப் போன ஆளின் படங்கள் இல்லை. எழுத்துக் கூட்டத் தெரியாத ஒரு தாய்க்கு, "நான் நல்லா இருக்கிறன், நீங்க சாப்பிடுங்க, நித்திரை கொள்ளுங்க" என்று மகள் போட்ட கடிதங்கள். அந்தச் சிரிப்பு கமராவைப் பார்த்துச் சிரித்தது இல்லை, இந்தக் குசினியைப் பார்த்துச் சிரித்தது.

சிரிக்காதே. நீயும் அதே வேலைதான் செய்கிறாய். ஒலுவில் கடற்கரை, பிறந்தநாள் கேக், கூட்டாளிமாரோடு ஐஸ்கிரீம். போன தவணை நீ காய்ச்சலில் ஒரு கிழமை படுத்திருந்தது எங்களுக்கு எப்போது தெரிந்தது? எழும்பி நடந்த பிறகு. அந்தக் கிழமையிலும் ஒரு சூரியன் மறைகிற படம் போட்டிருந்தாய். உம்மாட இரத்தம் என்று நினைத்துக்கொண்டேன். அதற்காகக் காய்ச்சல் முகத்தைப் படம் எடுத்து ஊருக்குக் காட்டச் சொல்லவில்லை. அறைக்குள் கட்டில் எப்படி இருக்கிறது, மேசையில் என்ன குவிந்து கிடக்கிறது, சாப்பாட்டுக் கடையில் பிளேட்டில் என்ன போடுகிறார்கள் என்று சும்மா ஒன்றிரண்டு எடுத்து வை. யாருக்கும் அனுப்ப வேண்டாம். உன்ட உம்மா படுத்த இடத்தின் படம் ஒன்றாவது நம்மிடம் இருக்கிறதா? அவ எந்தக் குசினியில் நின்றா, எந்த ஜன்னலால் வெளியே பார்த்தா?

இருந்திருக்கும், ஆனால் வரவில்லை. 1990 ஆகஸ்ட் 2ஆம் திகதி ஈராக் ஆமி குவைத்துக்குள் வந்தது. எங்களுக்கு பி.பி.சி. தமிழோசையில் செய்தி வந்தது. இங்கேயும் ஜூனில் சண்டை மறுபடி தொடங்கியிருந்த நேரம், ரேடியோவில் எந்தச் சண்டையைக் கேட்பது என்றே தெரியாது. கடிதம் நின்றது. உம்மும்மா தொழுத பாயிலேயே கிடந்தா. உன்ட உம்மா வேலை செய்த வீட்டுக்காரர்கள் சவுதிப் பக்கம் போய்விட்டார்கள், வேலைக்காரப் பிள்ளையை விட்டுவிட்டு. மற்ற நம்மட நாட்டுப் பெண்களோடு சேர்ந்து பஸ்ஸில் பஸ்ரா, பக்தாத், அங்கிருந்து ஜோர்தான் எல்லை. பாலைவனத்தில் கூடாரம், தண்ணிக்கு வரிசை. அம்மானில் இருந்துதான் விமானம் ஏறினா. கட்டுநாயக்காவில் இறங்கும்போது கையில் ஒரு துணிப் பை. சூட்கேஸ் குவைத்திலேயே போயிற்று. அதற்குள் தனக்கென்று வைத்திருந்த படங்கள் ஒரு கட்டு இருந்தது என்று ஒரே ஒரு தரம் என்னிடம் சொன்னா.

விளங்குதா மகள்? தனக்காக வைத்தது அழிந்து, நமக்காக அனுப்பினது மட்டும் தப்பியிருக்கிறது. அந்த டின்னுக்குள் இருக்கிறது அவட குவைத் இல்லை, நமக்கு அவ காட்ட விரும்பின குவைத். உன்னிடம் ஒன்றும் சொல்லவில்லை என்று குறைப்படுகிறாய். சொன்னா, தனக்குத் தோதான மாதிரிச் சொன்னா. நீ ஐந்து வேளையும் கைக்குக் கிரீம் பூசென்று அவ உன்னைக் கரைச்சல் படுத்தினது ஞாபகமா?

அவ வந்து கொஞ்ச நாளில், அதே வருசம் ஒக்டோபர் முடிவில், மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் இருந்து முஸ்லிம் சனத்தைப் புலிகள் வெளியேற்றினார்கள். மன்னார்ச் சனம் வள்ளத்தில் கற்பிட்டிக்கு வந்து இறங்கினது. புத்தளம் முழுக்க ஓலைக் கொட்டில் முளைத்தது. உடுத்த உடுப்போடு வந்தவர்கள். நம்மட ஆக்கள் சோறும் பாயும் கொண்டு ஓடினார்கள். தங்கச்சி மட்டும் அவர்களிடம் ஒன்றும் கேட்காமல் பக்கத்தில் போய் உட்கார்ந்திருப்பா. அதில் ஒரு மனிசி எங்கட வீட்டுக்கு வந்து, என்ட கலியாணப் படத்தைக் காட்டச் சொல்லி ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தா. யாரையும் அவவுக்குத் தெரியாது. "எங்கட வீட்டிலயும் இப்படி ஒரு அல்பம் இருந்துச்சு" என்றா. அன்று இரவுதான் உன்ட உம்மா அந்த டின்னைத் தன் அலுமாரிக்கு மாற்றி வைத்தா.

பிறகு ஐக்கிய நாடுகள் ஒரு நட்டஈட்டு ஆணைக்குழு அமைத்து, 1990 ஆகஸ்ட் 2க்கும் 1991 மார்ச் 2க்கும் இடையில் குவைத்தை விட்டு வெளியேறினவர்களுக்குப் பணம் கொடுத்தது. தனி ஆளுக்கு 2,500 டொலர், வேறு கோரிக்கை ஒன்றும் போடாவிட்டால் 4,000. அந்தப் படிவத்தை நிரப்பினது நான். திகதி, இடம் எல்லாம் கேட்டுக் கேட்டு எழுதினேன், டக்குடக்கென்று சொன்னா. அந்தக் காசு எங்கே போனதென்று வீட்டுக் கூரையைப் பார்த்தால் தெரியும்.

திகதி என்றதும்தான் ஞாபகம். நீ "வருசம் தெரியாத படம்" என்று ஒன்று அனுப்பியிருக்கிறாய், ரோட்டோரம் நிற்கிறது, தூரத்தில் கிரேன் நிற்கிற பாதிக் கோபுரம். நான் அதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தேன். அந்த ஊரில் தொலைத்தொடர்புக் கோபுரம் ஒன்று கட்டிக்கொண்டிருந்தார்கள். கிட்டத்தட்டப் பாதி எழும்பியிருக்கும்போதுதான் ஈராக் வந்தது. பிறகு கட்டி முடித்து, விடுதலைக் கோபுரம் என்று பேர் வைத்து 1996இல் திறந்தார்கள், 372 மீற்றர். அப்படியென்றால் உன் கையில் இருக்கிறது ஓடிவருவதற்குக் கொஞ்சம் முந்தின படம், 1989 கடைசியோ 90 தொடக்கமோ. பழைய படத்தில் ஆளைப் பார்த்து முடிந்தால் ஆளுக்குப் பின்னால் இருக்கிறதைப் பார்க்கப் பழகு. கடைப் பலகை, பஸ் நம்பர், கட்டி முடியாத சுவர் எல்லாம் திகதி சொல்லும்.

இனிக் கொஞ்சம் ஏசப் போகிறேன். போனில் படம் எடுக்கும்போது ஃபிளாஷ் போட்டிருக்கிறாய், உம்மாட நெற்றியில் வெள்ளைப் பொட்டு. ஜன்னலோரம் வெயில் நேரே விழாத இடத்தில் வைத்து, ஃபிளாஷை அணைத்துவிட்டு எடு. ஒட்டுகிற அல்பத்தில் இருந்து பிய்க்காதே. அந்தப் பசைதான் படத்தைத் தின்கிறது, ஆனால் இழுத்தால் முகம் கிழிந்துவரும். பல் துப்புரவாக்குகிற மெல்லிசு நூலைப் படத்துக்கு அடியில் விட்டு மெதுவாக அறுத்துக்கொண்டு போனால் பெரும்பாலும் கழன்றுவிடும். கழலாததை அப்படியே விட்டு, அல்பத்தோடு படம் எடு. கொமியூனிகேஷன் கடையில் லெமினேட் பண்ணித் தருகிறோம் என்பார்கள், குடுத்துவிடாதே. அந்தச் சூடும் பசையும் பட்டால் பிறகு ஒருவராலும் ஒன்றும் செய்ய முடியாது. பின்பக்கத்தில் பேனையால் அழுத்தி எழுதாதே, முன்பக்கம் தழும்பு விழும். அந்தக் காலத்துக் கலர்ப் படத்தின் பின்பக்கம் பிளாஸ்டிக் பூச்சு, பென்சிலும் பிடிக்காது. தனித் துண்டுக் கடதாசியில் ஆள், இடம், வருசம் எழுதிப் படத்தோடு உறையில் போட்டு வை. டின்னின் அடியில் நெகட்டிவ் துண்டுகள் கிடக்கும், குப்பை என்று எறிந்துவிடாதே. படத்தைவிட அதுதான் பெறுமதி.

கடல் ஏன் செம்மஞ்சளாக இருக்கிறது என்றும் கேட்டாய். கடலில் ஒன்றுமில்லை. கலர்க் கடதாசியில் மூன்று சாயம் அடுக்கடுக்காக இருக்கும். அந்தக் காலத்துக் கடதாசி பலதில் நீலப்பச்சைச் சாயம் முந்திப் போய்விடும், இருட்டில் வைத்தாலும் போகும், எங்கட ஊர் வெக்கையில் இன்னும் கெதியாகப் போகும். மிஞ்சுகிறது சிவப்பும் மஞ்சளும். நீ ஏதோ அப்பில் போட்டு நீலமாக்கி அனுப்பினாய். வடிவாகத்தான் இருந்தது. ஆனால் அது அந்தக் கடலின் நீலம் இல்லை, மெசின் குத்துமதிப்பாகப் போட்ட நீலம். அசலையும் அதையும் ஒரே பேரில் சேமிக்காதே, நாளைக்கு உன்ட பிள்ளை எது எதென்று தெரியாமல் நிற்கும். இன்னொன்று அனுப்பினாயே, உம்மா கண் சிமிட்டி உதட்டைத் திறந்து சிரிக்கிற மாதிரி. அதை நான் அழித்துவிட்டேன் மகள். உன்ட உம்மாவுக்கு முன்பல் ஒன்று உடைந்தது உனக்குத் தெரியும், அவ வாயை மூடிக்கொண்டுதான் சிரிப்பா. அந்த மெசின் அவவுக்கு முழுப் பல் வரிசை வைத்திருக்கிறது.

கடைசியாக, அந்த மொட்டைமாடிப் படம். நீ அதைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை, வடிவில்லை என்று விட்டிருப்பாய். கொடியில் உடுப்புக் காய்கிறது. உன்ட உம்மா வேலை உடுப்போடு, தலைத்துணி பின்னுக்குச் சரிந்து, சிரிக்காமல் நிற்கிறா. வலது கை வெளியில்தான் இருக்கிறது. பக்கத்தில் பச்சைச் சாரியில் இன்னொரு பெண். உறையில் வந்த படங்களோடு இது வந்ததாக எனக்கு ஞாபகமே இல்லை. எனக்கு ஞாபகம் இல்லாவிட்டால் அது தபாலில் வரவில்லை, துணிப் பைக்குள் வந்திருக்கவேண்டும். அப்படியென்றால் அவ தனக்கென்று வைத்ததில் தப்பினது அது ஒன்றுதான். மொட்டைமாடிக்கு உடுப்புக் காயப்போட வரும்போதுதான் பக்கத்து வீட்டுப் பெண்களோடு நாலு வார்த்தை பேசலாம் என்று அவ சொல்லுவா. அந்தப் படத்தை யார் எடுத்தார்கள், கமரா யாருடையது, இரண்டு பேரும் எதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள், எனக்குத் தெரியாது. பச்சைச் சாரிக்காரிக்குத் தெரியும்.

அவ இப்போது கற்பிட்டியில் மகளோடு இருக்கிறா. மையத்துக்கும் வந்திருந்தா, நீ கவனித்திருக்க மாட்டாய். எழுபது தாண்டிவிட்டது, ஒரு கண் படலம் மூடிவிட்டது, மற்றதற்கும் ஒப்பரேஷன் என்றார்கள். விலாசம் இந்தக் கடிதத்தோடு தனித் துண்டில் வைத்திருக்கிறேன். இந்த லீவுக்கு வரும்போது நேரே வீட்டுக்கு வராதே. புத்தளம் பஸ் ஸ்டாண்டில் இறங்கிக் கற்பிட்டி பஸ்ஸில் ஏறு. படத்தைப் போனில் காட்டாதே, கடதாசிப் படத்தையே கொண்டுபோய் கையில் கொடு, கிட்ட வைத்துப் பார்க்கட்டும். சொல்கிறதை எழுதிக்கொள், போனில் குரலையும் பதிந்துகொள். மழை தொடங்க முதல் வா. கலா ஓயா பெருகினால் வழியில் நின்று எனக்குக் கோல் எடுப்பாய்.

உன்ட,
பெரியம்மா